ஐந்நூறு யூனிட்டுக்குள் தெய்வசிகாமணி

தெய்வசிகாமணி டீ போட்டால் இரண்டாயிரம் வாட்டில்தான் போடுவார். வெள்ளைக் களிமண் தட்டில் சுருள்கம்பி வளைந்து வளைந்து ஓடும் கரண்ட் அடுப்பு அவருடையது. சுவிட்சைத் தட்டினால் கம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும். பிறகு மெல்லச் சிவந்து மாதுளம்பூ நிறத்துக்கு வரும். அந்த நிறம் வந்ததும்தான் பால் ஏனத்தை ஏற்றுவார். கேஸ் அடுப்பில் பால் பொங்கும், கரண்ட் அடுப்பில் பால் சுண்டும் என்பது அவர் கட்சி.

நெய்வேலி டவுன்ஷிப்பில் இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். ரிட்டையர் ஆனதும் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் கட்டிய சொந்த வீட்டுக்கு வந்தார். சாமான் ஏற்றிய மினி லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் கயிறு கட்டினார்கள். அடுப்பை மட்டும் அவர் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

தினம் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு முன் வராந்தாவில் ஐந்து பேர் கூடுவார்கள். எல்லாம் அனல்மின் நிலையத்தில் ஒன்றாக ஷிப்ட் பார்த்தவர்கள். அதில் வைத்திலிங்கம் பக்கத்துத் தெரு. இவருக்கு மூன்று வருஷம் முன்பே ரிட்டையர் ஆகி, மூன்று வருஷம் முன்பே வீடு கட்டியவர். வெள்ளைச்சாமி மதுரைப் பக்கத்துக்காரர். ஊருக்குத் திரும்பிப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வடக்குத்தில் மனை வாங்கிவிட்டவர். இவர்களுக்கு டீ போட்டு ஆற்றிக் கொடுத்து, யாருக்கு சர்க்கரை, யாருக்கு வெல்லம் என்று பார்த்துக் கொடுப்பதில்தான் தெய்வசிகாமணியின் பகல்பொழுது ஆரம்பிக்கும். அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் ஜூன் ஒன்பதாம் தேதி கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு யூனிட் என்று அட்டையில் எழுதிவிட்டுப் போனார். தொகை எவ்வளவு என்று போனில் மெசேஜ் வந்தது. வீட்டுக்காரி கஸ்தூரியம்மாள் அதை இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க, இது நம்ம வூட்டு பில்லா, ரைஸ் மில்லு பில்லா?"

"ரெண்டு பேர் இருக்கற வூட்டுக்கு இவ்ளோ வராது. மீட்டர் ஓடியிருக்கும்."

"மீட்டர் ஓடாம நிக்கிறதுக்கா வச்சிருக்காங்க? ஆளே இல்லாத ரூம்ல ஃபேன் ஓடிகினு இருக்கு. குளிக்கிற தண்ணிய அந்த அடுப்புல ஒரு மணி நேரம் வச்சிகினு இருக்கீங்க. இதுல ஊரையே கூட்டி டீ வேற."

தெய்வசிகாமணிக்குச் சுருக்கென்றது. குவார்ட்டர்ஸில் கரண்டுக்கு என்று சம்பளத்தில் ஏதோ பிடித்தார்கள். எவ்வளவு என்று அவர் பார்த்ததே இல்லை. ஃபேன் சுவிட்சை அணைக்கும் பழக்கமே அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. தவிர, அவருக்கு ஒரு நியாயமும் இருந்தது. அப்பாவுடைய ஒன்றரை ஏக்கர் சுரங்கத்துக்குப் போனது. அதற்குப் பதிலாகத்தான் இவருக்கு வேலை வந்தது.

"எங்க நெலத்துல தோண்டுன கரி. அதுல நான் நின்னு எடுத்த கரண்டு. ஒரு ஷிப்டுல எத்தன மெகாவாட் அனுப்பியிருப்பேன் தெரியுமா? கொல்லத் தெருவுல வந்து ஊசி விக்கிறாங்க!"

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்க அப்பா சொல்வாரு." கஸ்தூரியம்மாள் அட்டையை ஆணியில் மாட்டினாள். "ஐந்நூறு தாண்டுனா நம்ம முன்னாடி எரிச்ச யூனிட்டுக்கும் சேத்து ரேட்டு ஏறுதுன்னு வைத்தி அண்ணன் வூட்டுல சொன்னாங்க. அதனால ஒரே பேச்சு. அடுத்த பில்லு ஐந்நூறுக்குள்ள வரணும். வரலேன்னா அந்த அடுப்பு பழைய இரும்புக்காரன் வண்டியில ஏறிடும்."

"அப்ப டீ?"

"ஃபர்ஸ்ட் ஷிப்டு ஃபர்ஸ்ட் ஷிப்டுன்னு முப்பது வருஷம் நாலரை மணிக்கு எந்திரிச்சு உங்களுக்கு டீ போட்டாச்சி. இனிமே அஞ்சு பேருக்கு நான் போட மாட்டேன். கேஸ் அடுப்புல நீங்க கை வைக்கவும் கூடாது. போன தீவாளிக்கு பால பொங்க விட்டு பர்னர அடைச்சது போதும்."

ஆக, அடுப்பு போனால் டீ போகும். டீ போனால் வராந்தா காலியாகும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் தெய்வசிகாமணிக்கு அது இவ்வளவுதானா?

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் சண்முகப்பிரியாவிடம் போனில் புலம்பினார். அவள் சிரித்துவிட்டு ஒரு வாரத்தில் கூரியரில் ஒரு பெட்டி அனுப்பினாள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. அதிலிருந்து துணி மாட்டும் கிளிப் மாதிரி ஒரு கவ்வி. மெயின் ஒயரைக் கவ்வியால் பிடித்துவிட்டால், வீட்டுக்குள் எந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் போகிறது என்று செல்போனில் தெரியும்.

"அப்பா, எலக்ட்ரீஷியன கூப்பிட்டு மாட்டுங்க. ஆப்ல ரேட்டெல்லாம் செட் பண்ணணும். நான் ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல வந்து சொல்லித் தரேன்."

"எனக்கு எலக்ட்ரீஷியனா? கண்ட்ரோல் ரூம்ல யூனிட் டெஸ்க்ல உக்காந்தவன்மா நானு!"

மெயினை இறக்கிவிட்டு, பத்து நிமிஷத்தில் அவரே மாட்டினார். மெயினை ஏற்றினார். போனில் ஆப்பைத் திறந்தார்.

திரை விழித்துக்கொண்டது. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் 340 வாட். கீழே பச்சை நிறத்தில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. உள்ளே கஸ்தூரியம்மாள் கிரைண்டரைப் போட்டாள். கோடு குப்பென்று எழும்பி ஒரு படி ஏறி நின்றது. தெய்வசிகாமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரிட்டையர் ஆன அன்று மாலை போட்டுக் கைகுலுக்கி அனுப்பிவைத்தார்களே, அந்தக் கண்ட்ரோல் ரூம் பேனல் வீட்டு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து கையில் உட்கார்ந்திருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்க அவரால் ஆகவில்லை. ரேட் செட் பண்ணும் பக்கத்தைத் தானே திறந்தார். முதலில் எல்லாம் டாலரில் ஓடியது. எட்டிப் பார்த்த கஸ்தூரியம்மாள், "வெளிநாட்டு கரண்டா எரியிது?" என்றாள். தேடிப் பிடித்து அதை ரூபாய்க்கு மாற்றினார். அடுத்து ஆப் ஒரு கேள்வி கேட்டது: எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலையா, நேரத்துக்கு நேரம் மாறுகிற விலையா, படிப்படியாக ஏறுகிற விலையா? இவர் படியைத் தொட்டார். வைத்திலிங்கம் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த ரேட் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற்றினார். முதல் நூறு யூனிட் இலவசம் என்று பூஜ்யம் போட்டார். ஆப் ஒத்துக்கொள்ளவில்லை, பூஜ்யத்துக்கு மேல் ஏதாவது போடு என்றது. யோசித்து ஒரு பைசா போட்டார்.

"இலவசத்துக்கும் ஒரு பைசாவா?"

"மொய் வச்சா ஒத்த ரூபா சேத்து வைக்கிறதில்லியா, அது மாதிரி வச்சிக்க."

ஐந்நூறைத் தாண்டினால் வரும் பட்டியலை அவர் ஏற்றவே இல்லை. தாண்டப் போகிறவன்தானே அதை ஏற்ற வேண்டும்! கடைசியாக, கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று ஆப் கேட்டது. அதில் மாதாமாதம் என்பது ஏற்கெனவே குறிக்கப்பட்டிருந்தது. தேதிக்கு மட்டும் கட்டம் காலி. தெய்வசிகாமணி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. ஒன்றாம் தேதி என்று போட்டு, சரி என்பதை அழுத்தினார்.

ஜூலை ஒன்றாம் தேதி கணக்குப் புதிதாகத் தொடங்கியது. அன்றிலிருந்து வடக்குத்து வீடு ஒரு சின்ன அனல்மின் நிலையமாகிவிட்டது.

நீளநோட்டு ஒன்று வாங்கினார். கோடு போட்டு மணிக்கு மணி லோடு எழுதினார். ஆறு மணி, 2,140 வாட், அடுப்பு. ஏழு மணி, 310. எட்டு மணி, 880, மோட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்து. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் கோடு காட்டிக் கொடுத்தது, பாய்ந்துபோய் அணைத்தார். குளிக்கிற தண்ணீரைச் சுட வைப்பதை விட்டார். மகள் போட்டுக் கொடுத்த ஏசியை மத்தியானம் ஒரு மணி நேரத்தோடு நிறுத்தினார். எந்தச் சாமான் எப்படிக் கோடு போடும் என்பது ஒரே வாரத்தில் அவருக்கு அத்துபடி. ஃப்ரிட்ஜ் மேடும் பள்ளமுமாகப் போடும். மோட்டார் எழும்போது ஊசி மாதிரி ஒரு குத்துக் குத்திவிட்டு அமரும். அடுப்பு மட்டும் மேசைபோல மட்டமாக நிற்கும்.

வெளியே கிளம்பினால் வாசலில் நின்று டூட்டி ஒப்படைப்பார்.

"லோடு நூத்தி எம்பது. மோட்டார் ஆஃப். டிரிப்பு ஒண்ணும் இல்ல, கரண்டு நிக்கல."

"சரி சரி, வரும்போது கருவேப்பில வாங்கிகினு வாங்க."

ஒரு நாள் டவுன்ஷிப் பஜாரில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். போனைப் பார்த்தார். கோடு ஏறியிருந்தது. காயைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் அடித்தார்.

"எண்ணூறு வாட் ஏறிகினு இருக்கு. என்னா போட்ட?"

"மிக்ஸி."

"இவ்ளோ நேரமாவா?"

"தேங்கா அரைய வேணாமா? போறப்ப கண்ண மட்டும் கழட்டி இங்க வச்சிட்டுப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டு, மிக்ஸியை வேண்டுமென்றே இன்னொரு சுற்று விட்டாள். அந்தச் சுற்றையும் அவர் பஜாரில் நின்றபடி பார்த்தார்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி காலை. வராந்தாவில் டீ கைமாறிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணி போனை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினார்.

"பாத்துக்குங்க. இருநூத்திப் பதினாலு. மாசம் முடிய இன்னும் மூணு நாளு. ஐந்நூறுக்கு நான் பாதிகூட வரல."

"ஏப்பா, அப்ப இன்னொரு ரவுண்டு டீ போடலாம்ல?" என்றார் வெள்ளைச்சாமி. "இவ்வளவு மிச்சத்த வச்சு என்ன செய்யப் போற?"

வைத்திலிங்கம் மட்டும் கிளாஸைக் கீழே வைத்தார். "எந்தத் தேதியில இருந்து இருநூத்திப் பதினாலு?"

"ஒண்ணாந் தேதியில இருந்து."

"உனக்கு ரீடிங் எடுத்தது என்னிக்கு?"

"ஜூன் ஒம்போது."

"அப்பறம் எதுக்கு ஒண்ணாந் தேதியில இருந்து எண்ணுற? ஒண்ணாந் தேதி சம்பளத் தேதிடா. கரண்டுக்கும் அதுக்கும் என்னா சம்பந்தம்?"

தெய்வசிகாமணி போனில் தேதிக் கட்டத்தைத் திறந்து பார்த்தார். முப்பத்து நான்கு வருஷமாக அவருக்கு உலகத்தில் எல்லாமே ஒன்றாம் தேதிதான் தொடங்கியது. சம்பளம், பிடித்தம், சொசைட்டிக் கடன், மளிகை, ஷிப்ட் சார்ட் எல்லாம்.

"மாசா மாசம் வேற போட்டிருக்க," வைத்திலிங்கம் போனை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "டவுன்ஷிப்புக்கு வெளிய ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதான் ரீடிங் எடுப்பாங்க. ஐந்நூறுங்கறது ரெண்டு மாசத்துக்கும் சேத்து. இந்த ஆப்பு உனக்கு மாசத்துக்கு ஐந்நூறுன்னு குடுத்துகினு இருக்கு. கவர்மெண்டே குடுக்காதது!"

"பாவி, இப்பத்தான் ரெண்டாவது ரவுண்டு கேட்டேன்," என்று வெள்ளைச்சாமி தன் கிளாஸை அவசரமாகக் கவிழ்த்தார்.

உள்ளேயிருந்து கஸ்தூரியம்மாள் வந்தாள். அவள் ஆப் எதையும் திறக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த அட்டையை எடுத்தாள். வராந்தா மூலையில் இருந்த மீட்டரைப் பார்த்தாள். உள்ளங்கையில் விரலால் எழுதிக் கழித்தாள்.

"நானூத்தி நாப்பத்தி எட்டு," என்றாள். "ரெண்டு மாசம் முடிய, ஆகஸ்ட் எட்டு வரைக்கும், பதினோரு நாளு இருக்கு. பாக்கி அம்பத்தி ரெண்டு யூனிட்டு. பழைய இரும்புக்காரன் செவ்வாக்கிழமதான வர்றான்?"

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைச்சாமிகூடச் சிரிக்கவில்லை.

பதினோரு நாளுக்கு ஐம்பத்திரண்டு. ஒரு நாளுக்கு நாலே முக்கால்கூட இல்லை. தெய்வசிகாமணி நோட்டைப் பிரித்து உட்கார்ந்தார். ஃப்ரிட்ஜை நிறுத்த முடியாது. இரண்டு பேருக்கு இரண்டு ஃபேன் என்பது ஒரே அறை, ஒரே ஃபேன் ஆனது. மோட்டார் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஏசிக்குத் தடை. டீவிக்கு ஒரே ஒரு சீரியல். எந்தச் சீரியல் என்று கஸ்தூரியம்மாளே முடிவு செய்யலாம். எல்லாம் கூட்டிப் பார்த்தால் நாலரை வந்தது. அதில் அடுப்புக்கு இடமே இல்லை. அடுப்பைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அடுப்பைத் தொடக் கூடாது.

அவரே பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வராந்தாவுக்கு வெறும் கையோடு வந்து உட்கார்ந்தார். யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தார். ஆனால் வைத்திலிங்கம் வந்தார், கையில் ஒரு பெரிய பிளாஸ்க்கோடு. பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

"இன்னிக்கி எங்க வூட்டுது," என்றார் வைத்திலிங்கம். "நாளைக்கி வெள்ளச்சாமி. ஷிப்டு போட்டாச்சி. அவன் வூட்டு டீ எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது, உன் தலையெழுத்து."

"சுக்குப் போட்டுக் கொண்டாறேன்ப்பா, குடிச்சிட்டுப் பேசு," என்றார் வெள்ளைச்சாமி.

பதினோரு நாளும் பிளாஸ்க் மாறி மாறி வந்தது. தெய்வசிகாமணி எல்லா டீயையும் குடித்தார். எதிலும் பால் சுண்டவில்லை என்று மட்டும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாள் உள்ளே திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

அவளும் சும்மா இல்லை. சட்னியை அம்மியில் அரைத்தாள். மாவை வைத்திலிங்கம் வீட்டுக் கிரைண்டரில் கொடுத்து வாங்கினாள். "பந்தயத்துல நீ எந்தப் பக்கம்?" என்று தெய்வசிகாமணி கேட்டதற்கு, "ரேட்டு ஏறுனா உங்க பென்சன்ல மட்டுமா கொறையும், நம்ம வூட்டுக் கொழம்புலயும் கொறையும்," என்றாள்.

ஆகஸ்ட் எட்டு விடிந்தது. மீட்டரில் அட்டை எண்ணைக் கழித்தால் நானூற்றுத் தொண்ணூற்றாறு. தெய்வசிகாமணி குளித்து, நெற்றியில் விபூதி பூசி, வெளுத்த சட்டை போட்டு, கேட்டைத் திறந்துவைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரீடிங் எடுக்க வருகிறவருக்குக் கொடுக்க மோர்கூடத் தயார். மணி ஒன்பதானது. பத்தானது. தெருவில் கீரைக்காரி போனாள், கோலமாவுக்காரர் போனார். பத்தரைக்கு வைத்திலிங்கம் சைக்கிளில் வந்து நின்றார்.

"யாருக்குக் காத்துகினு இருக்க?"

"ரீடிங்குக்குத்தான்."

"இன்னிக்கி ரெண்டாவது சனிக்கிழம, தெய்வம். ஆபீஸ் லீவு. நாளைக்கி ஞாயிறு. திங்கக்கிழம காலையிலதான் வருவாரு."

தெய்வசிகாமணி எழுந்துவிட்டார். சனியாவது ஞாயிறாவது! கொதிகலனுக்கு ஏது ஞாயிறு? ஷிப்டில் இருந்தவனுக்கு வார ஓய்வு புதன்கிழமை வரும், அடுத்த சார்ட்டில் வெள்ளி வரும். காலண்டரில் சிவப்பு எழுத்து என்பது ஆபீஸில் உட்கார்ந்தவர்கள் சமாச்சாரம். அவர் பதினோரு நாளையும் பதினோரு நாளாகவே எண்ணினார். அதில் எது என்ன கிழமை என்று பார்க்கவேயில்லை.

இரண்டு நாள் என்றால் இன்னும் ஒன்பது யூனிட். ஐந்நூற்றைந்து.

"போச்சி," என்றார். "ஃப்ரிட்ஜே தின்னுடும்."

நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து அட்டையையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்திலிங்கம் சைக்கிளைத் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து தெய்வசிகாமணி தலையைத் தூக்கினார். கண்ட்ரோல் ரூம் டெஸ்க்கில் இருக்கும்போது எந்திரத்தைக் காப்பாற்ற வேறு வழியே இல்லையென்றால் கடைசியாக என்ன செய்வார்கள்? மொத்தமாக நிறுத்துவார்கள்.

"கஸ்தூரி! ஃப்ரிட்ஜுல என்னா இருக்கு?"

"மாவு இருக்கு, பாலு, அரை கிலோ தக்காளி. எதுக்கு?"

"எல்லாத்தையும் வைத்தி வூட்டுல குடுத்துடு. பொடவ ரெண்டு எடுத்து வையி. உங்க தம்பி வூட்டுக்குப் போவலாம்."

கஸ்தூரியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பிறந்த வீடு சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் அங்கே ஒரு ராத்திரி தங்கியதில்லை. கல்யாணமா, காதுகுத்தா, சாவா, எதுவானாலும் பந்தியில் உட்கார்ந்து, கையைக் கழுவி, "நைட் ஷிப்டு" என்று துண்டை உதறிக் கிளம்பிவிடுவார். அங்கே அவருக்கு டூட்டி மாமா என்றே பெயர்.

"தங்கறதுக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாளு."

அவள் உடனே உள்ளே போய்ப் பையை எடுத்தாள். அரை மணி நேரத்தில் பையோடு வாசலில் நின்றாள். அவர் மனசு மாறிவிடுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம் அவள் செருப்பு மாட்டியதிலேயே தெரிந்தது.

"மெயின ஆஃப் பண்ணிட்டா மீட்டரு தெரியுமா? ரீடிங் எடுக்கறவரு வந்து பாத்தா நம்பரு வேணும்ல?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"மீட்டரு மெயினுக்கு முன்னாடி இருக்கு. அது பாட்டுக்கு தெரியும். கேட்டுகிட்ட நின்னே பாத்துடலாம்."

மெயினை இறக்கினார். ஃப்ரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. கையிலிருந்த போனில் பச்சைக் கோடு கீழே விழுந்து, மறைந்து, 'இணைப்பு இல்லை' என்று வந்தது. கருவிக்கே கரண்ட் இல்லையே! பேனல் இப்படிச் செத்தால் அந்தக் காலத்தில் மணி அடிக்கும், நாலு பக்கமிருந்தும் ஓடி வருவார்கள். இன்றைக்கு அவர் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, மனைவிக்குப் பின்னால் நடந்தார்.

கும்பகோணம் பஸ்ஸில் வடலூர் தாண்டும் வரை போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். 'இணைப்பு இல்லை.' கஸ்தூரியம்மாள் அதைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள்.

தம்பி விஜயராஜ் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டான். "மாமா, சாப்ட்டுட்டுக் கெளம்பற பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று வழக்கம்போலக் கேட்டான்.

"திங்கக்கிழம."

விஜயராஜ் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். "மாமாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கரண்டு பில்லுக்குப் பயந்துகினு வந்துட்டாரு," என்றாள் கஸ்தூரியம்மாள். அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவேயில்லை.

அன்றைக்கு ஏரி மீன் குழம்பு. மறுநாள் கோழி. தெய்வசிகாமணி சாப்பிட்டார், படுத்தார், எழுந்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மச்சான் வீட்டில் ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவதைக் கண்டால் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தார். நடையில் பட்டப்பகலில் எரிந்த பல்பை அணைத்தார். திண்டு வைத்து டீவி பார்த்துக்கொண்டிருந்த விஜயராஜ் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் டீவி அணைந்திருந்தது.

"மாமா, அது நான் பாத்துகினு இருந்தது!"

"எந்திரிச்சுப் போனியே?"

"தண்ணி குடிக்கப் போனேன் மாமா!"

"அக்கா, மாமா நைட் ஷிப்டுக்கே போயிருக்கலாம்," என்று விஜயராஜ் சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினான். உள்ளே கஸ்தூரியம்மாளும் தம்பி மனைவியும் எதையோ பேசி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி இவ்வளவு சத்தமாகச் சிரிப்பாள் என்பது தெய்வசிகாமணிக்குப் புதுச் செய்தி. என்ன பேச்சு என்று எட்டிப் பார்க்கப் போனார். இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அவர் தண்ணீர் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மெசேஜ் வந்தால் போனில் வரும். போன் கஸ்தூரியம்மாளின் பையில் இருந்தது. பையையே மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். கிளம்பும்போது எரிந்த விளக்கு, பை எடுக்கும்போது ஓடிய ஃபேன், எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்குமேல் போயிருக்காது. ஆனால் எட்டாம் தேதி காலை அவர் பார்த்தது நானூற்றுத் தொண்ணூற்றாறா, தொண்ணூற்றொன்பதா? ஆறும் ஒன்பதும் தலைகீழாக நின்று அவரைப் பயமுறுத்தின.

பதினொன்றே காலுக்குப் பை அதிர்ந்தது.

கண்ணாடியைத் தேடினார். அது நெற்றியில்தான் இருந்தது. இறக்கிவிட்டுப் படித்தார். மெசேஜில் சர்வீஸ் நம்பர், தேதி, அதற்கடுத்து யூனிட்: 497.

"கஸ்தூரி!"

அவர் போட்ட சத்தத்துக்கு விஜயராஜ் வீட்டுக் கோழிகள் நாலு பக்கமும் சிதறின. கஸ்தூரியம்மாள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் எழுத்துக்கூட்டுவதுபோல் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள்.

"மூணு யூனிட்டுல தப்பிச்சிட்டீங்க," என்றாள்.

"அடுப்பு?"

"இருக்கட்டும். இரும்புக்காரனுக்குக் குடுத்து வைக்கல." சொல்லிவிட்டு ஒரு விரலைத் தூக்கினாள். "ஆனா காலையில ஒரு வேளதான். குளிக்கிற தண்ணி கெடயாது. அந்த போன்ல தேதிய மொதல்ல மாத்துங்க."

அவர் அப்போதே ஆப்பைத் திறந்தார். மாதாமாதம் என்பதைத் தொட்டதும் அதன் கீழே வேறு சில வகைகள் விரிந்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் கிடந்தது. முதல் தடவையே விரலை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்திருந்தால் போதும். அதைத் தொட்டு, தேதியில் பத்து என்று போட்டார். ஐந்நூறுக்கு மேலான பட்டியலையும் இந்தத் தடவை மறக்காமல் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் திரையின் நடுவில், புதுக் கணக்கில், பெரிதாக ஒரு பூஜ்யம் வந்து நின்றது.

"ரெண்டே காலுக்கு ஒரு பஸ்ஸு இருக்கு," என்றார். "சாப்ட்டுட்டுக் கெளம்புனா சாயந்தரத்துக்குள்ள போயிடலாம். மெயின ஏத்தணும், ஃப்ரிட்ஜ..."

கஸ்தூரியம்மாள் கை மாவை உதறினாள். "மெயினு ஆஃப்லதான இருக்கு? வூடு பூட்டிதான இருக்கு? இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுத்தான் போவலாமே."

தெய்வசிகாமணி மறுப்பதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் வீடு பூஜ்யத்தில் நின்றால் ஒன்பது யூனிட் மிச்சம். ஒரு வேளை டீக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் பன்னிரண்டு, பதின்மூன்று காலை டீ!

"ரெண்டு என்னா," என்றார், துண்டை எடுத்துத் தோளில் போட்டு மறுபடியும் சாய்ந்தபடி, "நாலு நாளு வேணாலும் இருக்கலாம்."